உடைந்தால் எதைக் கூட்டிக்கொண்டு போகும்?

பழைய ஸ்போர்ட்ஸ் ஹாட்ச்பேக் ஒன்றை வாங்கி, சீர்செய்து, கொஞ்சம் வேகமும் கூட்டி ஓட்டுவது எப்படி என்று பொதுவாகப் பேசினால் பேச்சு காற்றோடு போய்விடும். எல்லாக் காருக்கும் பொருந்துகிற யோசனை எந்தக் காருக்கும் உதவாது. அதனால் ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கொள்கிறேன்: ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ, ஐந்தாம் தலைமுறை. 2004-இல் பாரிஸ் மோட்டார் கண்காட்சிக்கு வந்தது; 2009 வாக்கில் ஆறாம் தலைமுறை அதன் இடத்தைப் பிடித்தது. ஆக, இருப்பதில் மிக இளைய வண்டிக்கே பதினைந்து வயது தாண்டிவிட்டது. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இன்று இது ‘ப்ராஜெக்ட்’ கார். புதிதாக இருந்தபோது எட்டாத விலையில் பார்த்தவர்கள், விலை இறங்கிய பிறகு வாங்கி, சனி ஞாயிறுகளில் தாங்களே ஸ்பேனர் பிடிக்கிற வண்டி. இரண்டு லிட்டர் டர்போ எஞ்சின், 200 குதிரைத்திறன், 280 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, ஆறு கியர். இதை வாங்கியவர் சட்டைப்பையில் ஒரு பட்டியல் தவறாமல் இருக்கும்: எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி வேகம் கூட்டுகிற ரீமேப், பெரிய எக்ஸாஸ்ட், வண்டியைத் தாழ்த்துகிற ஸ்பிரிங், பெரிய பிரேக், அப்புறம் நேரம் கிடைத்தால் சர்வீஸ். அந்தப் பட்டியலில் உள்ள எந்தப் பொருளோடும் எனக்குச் சண்டை இல்லை. அதன் வரிசையோடுதான் சண்டை.

வரிசை வழக்கமாக இரண்டு விதமாக அமைகிறது. ஒன்று, ஆசைப்படி. எது கேட்டால் காது குளிருமோ, எது அழுத்தினால் முதுகு சீட்டில் ஒட்டுமோ அது முதலில். இன்னொன்று, விலைப்படி. சில்லறையில் முடிவதை முடித்துவிட்டு, பெரிய செலவை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுவது. நான் சொல்ல வந்த அளவுகோல் இவை இரண்டும் அல்ல. வண்டியின் ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து ஒரே கேள்வி கேட்க வேண்டும்: இது உடைந்தால் எதைக் கூட்டிக்கொண்டு போகும்? பாகத்தின் விலை ஒரு பக்கம். அது கெட்டால் கூடவே கெடுகிற பாகங்களின் விலை இன்னொரு பக்கம். இரண்டாவது, முதலாவதைப்போல எத்தனை மடங்கோ, அதுதான் வரிசையில் அதன் இடம். ‘சுவர் இருந்தால்தான் சித்திரம்’ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாமே என்று நினைப்பீர்கள். முடியாது. சுவர் வேண்டும் என்பதைப் பழமொழி சொல்கிறது. எந்தச் செங்கல்லை உருவினால் சுவர் விழும் என்பதைச் சொல்வதில்லை. இருபது வயது வண்டியில் நூறு செங்கல் ஆடிக்கொண்டிருக்கும். நூறையும் மாற்றப் பணமும் இல்லை, அவசியமும் இல்லை.

இந்த எஞ்சினில் முதல் செங்கல் சோடா மூடியைப்போல ஒரு சின்னக் கிண்ணம். அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். இது நேரடி ஊசிப்பாய்ச்சல் எஞ்சின். பெட்ரோல் உள்வரும் குழாயில் தெளிக்கப்படாமல் நேரே சிலிண்டருக்குள் போகிறது. அதற்கு ஓட்டத்தின்போது 100 பாரையும் தாண்டிய அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தத்தைத் தருகிற பம்ப், எஞ்சின் தலையில், உள்வால்வு கேம்ஷாஃப்ட்டின் ஒரு முனையில் உட்கார்ந்திருக்கிறது. கேம்ஷாஃப்ட்டில் மூன்று மேடுள்ள ஒரு பகுதி சுழல்கிறது. ஒவ்வொரு மேடும் பம்ப்பின் தண்டை ஒருமுறை தள்ளுகிறது. மேட்டுக்கும் தண்டுக்கும் நடுவே அடிவாங்குவதற்கென்று வைக்கப்பட்டதுதான் அந்தக் கிண்ணம்; கேம் ஃபாலோயர் என்பார்கள். உருளை எதுவும் இல்லை, இரும்பின் மேல் இரும்பு வழுக்கி ஓடுகிறது. நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலமும் கிண்ணத்தின் முகத்தில் பூசிய கறுப்புக் கடினப் பூச்சும் மட்டும். மூன்று போல்ட்டைக் கழற்றிப் பம்ப்பை விலக்கினால் கிண்ணம் கையில் வந்துவிடும். முகம் முழுக்கக் கறுப்பாக இருந்தால் நல்லது. நடுவில் காசு அளவுக்கு வெள்ளியாய் மின்னினால் பூச்சு போய்விட்டது. இனி இரும்பு தேய்கிறது. விரல் நகத்துக்குக் குழிவு தட்டினால் இன்றே மாற்ற வேண்டும். துளையே விழுந்திருந்தால் பேச்சே வேறு. பம்ப் தண்டு நேரே கேமை உரச ஆரம்பித்திருக்கும். மேடு தேய்ந்து தட்டையாகும். பம்ப் போதிய அழுத்தம் தராமல் எஞ்சின் திக்கும். உலோகத்தூள் எண்ணெயோடு கலந்து ஊர் சுற்றும். கிண்ணத்தின் விலை ஒரு ஜோடி நல்ல செருப்பின் விலை. அது கூட்டிக்கொண்டு போவது பம்ப், கேம்ஷாஃப்ட், அவற்றை மாற்றுகிற கூலி. அமெரிக்காவில் இந்தக் கேம்ஷாஃப்ட்டுக்கான உத்தரவாதக் காலத்தையே கம்பெனி நீட்டித்துத் தர வேண்டியதாயிற்று. வண்டியின் ஆயுளுக்கும் இருக்கும் என்று வைத்த பாகம், நடைமுறையில் ஆயில் ஃபில்டர்போல அவ்வப்போது பார்த்து மாற்றுகிற சாமானாகிவிட்டது. ஏறக்குறைய 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கழற்றிப் பார்ப்பது இந்த வண்டிக்காரர்களிடையே ஊறிய பழக்கம்.

இதே கணக்கில் அடுத்து வருவது டைமிங் பெல்ட். இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கதை எல்லா மெக்கானிக்குக்கும் தெரிந்ததுதான். பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மேலே வரும்போது திறந்து நிற்கிற வால்வில் மோதும், வால்வு வளையும், ஹெட்டை இறக்க வேண்டும். இந்த எஞ்சினில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்ப்பையும் சுற்றுகிறது. ஆகவே பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய டென்ஷனரையும் பழைய தண்ணீர் பம்ப்பையும் விட்டுவைப்பது புதுக் கயிற்றைப் பழைய கப்பியில் போட்டு இறைப்பதற்குச் சமம். கிலோமீட்டர் குறைவு என்பதும் இங்கே செல்லாது. ரப்பருக்கு ஓட்டமும் வயது, ஆண்டும் வயது. விற்றவர் ‘போன வருஷம்தான் மாற்றினேன்’ என்று சொல்லி, பில் காட்டவில்லை என்றால், மாற்றவில்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள். அவர் பொய் சொல்கிறார் என்பதற்காக இல்லை. அவர் மறந்திருந்தாலும் விழப்போகிற செலவு உங்கள் தலையில் என்பதற்காக.

இவை இரண்டும் கொல்லுகிற கோளாறுகள். இன்னொரு வகை உண்டு. அவை கொல்வதில்லை, திருடும். டர்போவிலிருந்து வருகிற காற்றை, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் திருப்பிவிடுகிற டைவர்ட்டர் வால்வு ஒன்று இருக்கிறது. இந்த எஞ்சினுக்கு முதலில் வந்ததில் ரப்பர் சவ்வு. அது காலப்போக்கில் கிழியும். கிழிந்தால் டர்போ சேர்த்த காற்று அழுத்தத்தின் நடுவிலேயே திரும்பிக் கசியும். பிற்பாடு சவ்வுக்குப் பதிலாகப் பிஸ்டன் வைத்த வால்வு வந்ததே இந்தக் குறைக்கான ஒப்புதல். எஞ்சினின் உள்புகையை இழுத்துத் திரும்ப எரிப்புக்கு அனுப்புகிற பிசிவி வால்வும் இப்படித்தான். அது கெட்டால் டர்போ அழுத்தம் எஞ்சினின் வயிற்றுக்குள் இறங்கி, எண்ணெய் சீல்களைப் பிதுக்கும். அப்புறம் கரி. பழைய வகை எஞ்சினில் பெட்ரோல் உள்வால்வின் முதுகில் தெளிக்கப்பட்டு, அதைக் கழுவிக்கொண்டே இருந்தது. நேரடி ஊசிப்பாய்ச்சலில் அந்தக் குளியல் இல்லை. பிசிவி வழியே வருகிற எண்ணெய்ப் புகை சூடான வால்வில் படிந்து, தோசைக்கல்லில் விட்ட எண்ணெய் பல நாள் துடைக்காமல் இறுகிப்போவதுபோல இறுகும். வால்வின் கழுத்து சுருங்கும். காற்று போகிற வழி குறுகும். இதற்கு மருந்து, இன்டேக் குழாயைக் கழற்றி, வால்வு மூடிய நிலையில், அரைத்த வால்நட் ஓட்டைக் காற்றழுத்தத்தில் பாய்ச்சிச் சுரண்டுவது. உலோகத்தைக் கீறாத அளவுக்கு மென்மை, கரியைப் பெயர்க்கிற அளவுக்குக் கடினம் என்பதால் வால்நட் ஓடு.

திருட்டின் தந்திரம், அது ஒரே நாளில் நடப்பதில்லை என்பது. மாதம் அரைக் குதிரை காணாமல் போனால் யாருக்கும் தெரியாது; ஓட்டுபவர் அதற்குள் பழகிவிடுவார். ஆகவே ‘என் வண்டி 200 குதிரை’ என்று ஒருவர் சொல்லும்போது அவர் சொல்வது 2005-இன் விளம்பரத் தாளை. இன்று பானட்டுக்குள் எத்தனை குதிரை நிற்கிறது என்பது அளந்தால்தான் தெரியும். அளப்பது பெரிய வித்தையும் இல்லை. ஒரு லேப்டாப், ஒரு கேபிள், போக்குவரத்து இல்லாத தடம் அல்லது திறன் அளக்கிற டைனோ மேடை. மூன்றாம் கியரில் 2,000 சுற்றிலிருந்து 6,000 வரை முழு ஆக்சிலரேட்டர். கம்ப்யூட்டர் கேட்ட காற்றழுத்தம் ஒரு பத்தி, கிடைத்த அழுத்தம் பக்கத்துப் பத்தி. இரண்டும் ஒட்டி நடந்தால் குழாய்களும் வால்வும் சரி. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் நடுவே இடைவெளி விழுந்தால் திருடன் இருக்கிறான். ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்யூட்டர் எரிப்பு நேரத்தை எத்தனை டிகிரி பின்னுக்கு இழுக்கிறது என்றும் பாருங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் தனித்து இழுத்தால் இக்னிஷன் காயிலோ, பிளக்கோ, அந்த இன்ஜெக்டரோ பதில் சொல்ல வேண்டும். எரிபொருள் அழுத்தம் மேலே போகப் போகச் சரிந்தால் மறுபடியும் அந்தக் கிண்ணத்தின் வாசலுக்கே போக வேண்டியிருக்கும். இந்த ஒரு தாளை வைத்துக்கொள்ளாமல் ரீமேப் செய்தவர், ரீமேப்பால் எத்தனை கூடியது என்று எப்படிச் சொல்வார்? இழந்ததில் பாதி திரும்பியதைப் புது லாபம் என்று எழுதிக்கொள்வார்.

அது கணக்குப் பிழை மட்டும் என்றால் விட்டுவிடலாம். ரீமேப் வந்தவுடன் திருடன் கொலைகாரனாகிறான்; என் வாதத்தின் கழுத்து இங்கேதான் இருக்கிறது. கம்ப்யூட்டர் இத்தனை அழுத்தம் வேண்டும் என்று கேட்கிறது. சவ்வுக் கிழிசலில் கொஞ்சம் கசிகிறது. கம்ப்யூட்டர் சும்மா இருப்பதில்லை. டர்போவை இன்னும் வேகமாகச் சுழற்றிக் கசிவை ஈடுகட்டப் பார்க்கிறது. தொழிற்சாலை வைத்த அளவில், அதற்கு இடம் விட்டிருந்தார்கள். ரீமேப்பில் கேட்கும் அழுத்தமே உயர்ந்துவிட்டது. விட்டிருந்த இடம் தீர்ந்துவிட்டது. சின்ன டர்போ அதன் எல்லைக்கு வெளியே சுழன்று, கொதிக்கிற காற்றைத் தள்ளுகிறது. அந்தச் சூட்டில் சிலிண்டருக்குள் கலவை முன்கூட்டியே வெடிக்கப் பார்க்கிறது. கம்ப்யூட்டர் எரிப்பு நேரத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. வெளிப்புகை இன்னும் சூடாகிறது. அந்தச் சூடு மறுபடி டர்போவுக்கே போகிறது. பழைய இக்னிஷன் காயில் கதையும் இதேதான். சாதாரண ஓட்டத்தில் எப்போதாவது ஒரு திக்கல். ரீமேப்புக்குப் பிறகு முழு அழுத்தத்தில் தொடர்ந்து எரியாமல் விடும். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் போய் எரியும். நேற்றுவரை ‘கொஞ்சம் பிக்கப் குறைவு’ என்று இருந்த குறை, இன்று யாரையெல்லாமோ கூட்டிக்கொண்டு போகிறது. ஒரு பாகத்தின் இடம் வரிசையில் நிலையானதல்ல. நீங்கள் கூட்டுகிற ஒவ்வொரு குதிரைக்கும் அது மேலே நகர்கிறது.

கம்பெனியே இதற்குச் சாட்சி. ஜிடிஐ பிறந்து முப்பது ஆண்டு ஆனதை ஒட்டி ‘எடிஷன் 30’ என்று ஒரு வடிவம் வந்தது; 230 குதிரை. முப்பதுதானே கூடுதல், கம்ப்யூட்டரில் நாலு எண்ணை மாற்றினால் போதாதா? அவர்கள் அப்படிச் செய்யவில்லை. டர்போவைப் பெரிதாக்கினார்கள், பிஸ்டனை மாற்றி, அழுத்த விகிதத்தை 10.5-இலிருந்து 9.8-க்கு இறக்கினார்கள், இன்ஜெக்டரும் மாறியது. 265 குதிரையோடு வந்த ஆடி எஸ்3-இன் எஞ்சின் வழியில் போனார்கள். சந்தையில் விற்கிற ரீமேப்போ, பழைய டர்போவையும் பழைய பிஸ்டனையும் வைத்துக்கொண்டே 240-க்கு மேல் தருவதாகச் சொல்கிறது. தருகிறதுதான், பொய்யில்லை. ஆனால் கம்பெனி எந்த இடைவெளியைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கப் போனதோ, அந்த இடைவெளியைத்தான் எடுத்துத் தருகிறது. முறுக்குவிசை 280-இலிருந்து 350-க்குப் போனால் கால் பங்கு கூடுதல். இரட்டைக் கிளட்ச் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் வடிவமைக்கப்பட்ட எல்லையே 350-ஐ ஒட்டித்தான். 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அதன் எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டும் என்பதை முந்தைய இரண்டு சொந்தக்காரர்களும் மறந்திருந்தால், அந்த எல்லை காகிதத்தில்தான் இருக்கும்.

‘ஆயிரக்கணக்கான வண்டிகள் ரீமேப்போடு ஓடவில்லையா? லட்சம் கிலோமீட்டர் ஓடியதும் இருக்கிறதே?’ இது நியாயமான கேள்வி, நையாண்டி செய்து கடக்கக் கூடாது. ஓடுகின்றன. ஆனால் ஓடுகிறவைதான் நம் கண்ணில் படுகின்றன. ஓடாதவை உடைசல் கடையில் பாகம் பாகமாக விற்கப்படுகின்றன, அவற்றிடம் யாரும் சாட்சி கேட்பதில்லை. இரண்டாவது, நீண்டநாள் ஓடியவற்றின் சொந்தக்காரர்களை விசாரித்தால் பெரும்பாலும் ஆயிலை முன்கூட்டியே மாற்றுகிறவர்களாக, கிண்ணத்தைக் கழற்றிப் பார்க்கிறவர்களாக இருப்பார்கள். அது என் வாதத்துக்குத்தான் பலம். ரீமேப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. பட்டியலின் தலையில் கூடாது என்கிறேன். ரீமேப் எந்த நல்ல வண்டியையும் கொன்றதாக எனக்குத் தோன்றவில்லை. ஏற்கெனவே நோயிருந்த வண்டிக்குக் கெடுவைச் சுருக்குகிறது, அவ்வளவே. அடுத்த படிக்குப் போகிறவர்களின் நிலைதான் வேடிக்கை. இன்னும் அதிக பெட்ரோல் வேண்டும் என்று உயர் அழுத்தப் பம்ப்பின் உள்பாகத்தைப் பெரிதாக மாற்றுகிறார்கள். பம்ப் தள்ளுவதற்குக் கடினமாகிறது. அந்த அடியை வாங்குவது யார்? அதே கிண்ணம். அதனால் மேம்படுத்த மேம்படுத்த அதைப் பார்க்கிற இடைவெளி குறைய வேண்டும். நடைமுறையில் பலர் வேகத்தைக் கூட்டிய மகிழ்ச்சியில் பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள்.

எஞ்சினை விட்டுக் கீழே இறங்குவோம். ஓட்டுகிற சுகத்தில் உடனே தெரிகிற மாற்றம் எது என்று கேட்டால், என் பதில் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும்: முன்சக்கரத்தின் லோயர் ஆர்மில் பின்பக்கத்து ரப்பர் புஷ். அது வெடித்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும். சாலையில் குழி வந்தால் சக்கரம் அதன் இஷ்டத்துக்கு ஒரு விரல் நகரும். 2004-இல் இந்த வண்டி பேர் வாங்கியதே பின்பக்கத்துக்கு வந்த மல்டிலிங்க் சஸ்பென்ஷனால். அந்தப் பேரைக் காப்பாற்றுவது புஷ்கள்தான். அதே குடும்பத்து ஆர்32-க்கு வந்த கெட்டியான ரப்பர் புஷ்ஷைப் போடுவது சீரமைப்பும் மேம்படுத்தலும் சேர்ந்த வேலை. பாலியூரித்தேன் போட்டால் இன்னும் இறுக்கம், ஆனால் சத்தத்தோடு வாழ வேண்டும். பிறகு டயர். பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சாகியிருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பூப்பள்ளம் முழுதாக இருந்தாலும் அந்த டயரில் 200 குதிரையே அதிகம். பிரேக் பெரிதாக வேண்டும் என்றால் ஆர்32-இன் 345 மில்லிமீட்டர் தட்டு பொருந்தும். ஆனால் ஜிடிஐயின் 312 மில்லிமீட்டர் தட்டே, புதுப் பேடும் புது பிரேக் ஆயிலும் இருந்தால், சாலையில் போதும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தைக் குடிக்கிற பொருள். பழையதைச் சூடாக்கினால் கொதிக்கும், பெடல் பஞ்சாகும். வேகம் 100-இலிருந்து 120 ஆனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் 44 சதவீதம் கூடுகிறது. எஞ்சினில் குதிரை சேர்க்கிறவர் இந்தக் கணக்கைச் சேர்ந்தே எழுத வேண்டும். தாழ்த்துகிற ஸ்பிரிங்கைப் பழைய ஷாக் அப்சார்பரில் மாட்டுவதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. மாட்டியவரின் முதுகெலும்பு பேசும்.

இந்த இடத்தில் ஒரு குரல் எழும்: ‘ஐயா, இது பொழுதுபோக்கு. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய வண்டியில் பெல்ட்டும் புஷ்ஷும் கிண்ணமும் மாற்றிக்கொண்டிருந்தால் சந்தோஷம் எப்போது?’ இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்லக் கூடாது. அந்தக் குரலில் உண்மை இருக்கிறது. ஆசை இல்லாவிட்டால் யாரும் இருபது வயதுக் காரை வாங்க மாட்டார்கள். வெறும் பொறுப்பு மட்டும் என்றால் ஆறே மாதத்தில் வண்டி விற்பனைக்கு வந்துவிடும். ஆகவே திட்டத்தில் ஆசைக்கும் ஒரு இடம் வைக்க வேண்டும். ஆனால் எஞ்சினைக் கேட்காத ஆசையாக இருக்கட்டும்: நல்ல டயர், கெட்டியான புஷ், கிழிந்த சீட்டுக்கு அதே கட்டம்போட்ட துணி. 1976-இல் விற்பனைக்கு வந்த முதல் ஜிடிஐயில் எஞ்சின் 110 குதிரைதான், எடை 800 கிலோவைச் சற்றே தாண்டும். ஐயாயிரம் வண்டி விற்றால் போதும் என்று தொடங்கி நாலரை லட்சத்துக்கு மேல் விற்றது. அன்று அது செய்த புதுமை உச்சவேகத்தில் இல்லை. திங்கட்கிழமை காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு, சனிக்கிழமை மலைப்பாதையில் விரட்டலாம், இரண்டுக்கும் ஒரே சாவி என்பதுதான். திங்கட்கிழமை கிளம்பாத ஜிடிஐ, குதிரை எத்தனை இருந்தாலும், ஜிடிஐ அல்ல. ஆக, நம்பகத்தைச் சரிசெய்வது இந்த வண்டியில் சந்தோஷத்துக்கு எதிர்ப்பக்கம் இல்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு கேள்வி வரும், அது இன்னும் கூர்மையானது: ‘உங்கள் பேச்சைக் கேட்டால் எல்லாவற்றையும் முன்கூட்டியே மாற்றிவிடலாம் போலிருக்கிறதே?’ கூடாது. அதுவும் ஒரு வகை நோய். ஒரே மூச்சில் இருபது பாகம் மாற்றினால், மறுநாள் வருகிற புதுச் சத்தம் இருபதில் எதனுடையது என்று கண்டுபிடிக்க முடியாது. புதுப் பாகம் எல்லாம் நல்ல பாகமும் இல்லை. டப்பாவில் அசல் பெயரை அச்சிட்டு உள்ளே போலியை வைத்து விற்பது எல்லா ஊரிலும் உண்டு. நன்றாக ஓடுகிற அசல் டர்போவைக் கழற்றி, பெயர் தெரியாத ஒன்றை மாட்டுவது சீரமைப்பு அல்ல, சூதாட்டம். அளவுகோல் இங்கேயும் உதவும். வயதுக் கெடு உள்ளவை, கெட்டால் கூட்டத்தையே கூட்டிப்போகிறவை – பெல்ட், தண்ணீர் பம்ப், எண்ணெய்கள் – பார்க்காமலே மாற்றுங்கள். தேய்வதைக் கண்ணால் காண முடிகிறவற்றை – கிண்ணம், புஷ், பேடு – பார்த்து மாற்றுங்கள். கெட்டால் தான் மட்டும் கெடுகிற ஜன்னல் மோட்டார், கதவுப் பூட்டு போன்றவை கெடட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு வேலை, ஒரு வாரம் ஓட்டம், தாளில் ஒரு வரி, அடுத்த வேலை. எண்ணெய் குடிக்கிற அளவையும் அதே தாளில் எழுத வேண்டும். 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை குடிக்கலாம் என்று கம்பெனிக் கையேடே இடம் கொடுக்கிற எஞ்சின் இது. ஆயில் குச்சியை மாதம் ஒருமுறைகூட இழுத்துப் பார்க்காதவர் வேறு எதைப் பார்த்தும் பயனில்லை. கையில் நூறு ரூபாய் இருந்தால் முப்பதைத் தொடாமல் வையுங்கள். பழைய வண்டியில் ஒன்றைக் கழற்றினால் பக்கத்தில் இன்னொன்று உடையும். துருப்பிடித்த போல்ட் ஒன்று கையோடு வந்துவிட்டால் அந்த முப்பதுதான் உங்களை ஞாயிறு இரவில் வீட்டுக்கு அனுப்பும்.

சட்டத்தையும் போகிற போக்கில் தொட வேண்டும், ஏனென்றால் அதுவும் கூட்டிக்கொண்டு போகிற பொருள்தான். ஜெர்மனியில் மாற்றியமைத்த பாகத்துக்குச் சான்று இல்லாமல், தேவையானதைச் சோதித்து வண்டிப் பத்திரத்தில் ஏற்றாமல் ஓட்டினால் சாலையில் ஓடும் அனுமதியே செல்லாமல் போகலாம். பிரிட்டனில் ரீமேப்பைக் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் மறைத்தவருக்கு விபத்து நேரத்தில் இழப்பீடு கேள்விக்குறி. நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இருக்கிறது. தயாரிப்பாளர் தந்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை இறுக்கிப் பிடித்தது. இங்கே பழைய ஹாட்ச்பேக்கில் கைவைக்கிற இளைஞர்களுக்கு என் வரிசை இன்னொரு விதத்திலும் வசதி: பட்டியலின் முதல் முக்கால் பகுதி வெறும் சீரமைப்பு, எந்த அதிகாரியிடமும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, ரீமேப் எப்போது என்று தெளிவாகச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது; தள்ளிவை என்று மட்டும் சொல்பவன் வேண்டாம் என்பதை மரியாதையாகச் சொல்கிறான் என்ற சந்தேகம் உங்களுக்கு வரும். பெல்ட் மாற்றியாகிவிட்டது, கரி சுரண்டியாகிவிட்டது, டைவர்ட்டர் வால்வும் பிசிவியும் புதிது, கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் தாளில் ஒட்டி நடக்கின்றன, டயரும் பிரேக்கும் தயார் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்குப் புதுக் கிண்ணம் ஒன்றைப் போட்டு, எட்டாயிரம் கிலோமீட்டர் வழக்கம்போல ஓட்டுங்கள். பிறகு அந்த மூன்று போல்ட்டைக் கழற்றுங்கள். கிண்ணத்தின் முகம் இன்னும் கறுப்பாக இருந்தால் கேமின் மேடும் நலம், எண்ணெயும் போய்ச் சேருகிறது. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ரீமேப்காரரிடம் போகலாம். எட்டாயிரத்துக்குள் வெள்ளி தெரிந்தால் கேமின் மேடே முன்பு எப்போதோ அடிபட்டிருக்கிறது. அந்த வண்டிக்கு அடுத்த செலவு ஒரு கேம்ஷாஃப்ட்.